கண்ணூறும் கமெராவும்

புத்தூர்ச் செம்மண் பொல்லாத மண். வேட்டியில் ஏறினால் எந்தச் சவுக்காரத்துக்கும் மசியாது. குதிக்காலில் ஏறினால் கொழும்பில் போய் இறங்கினாலும் அங்கேயே நிற்கும். அந்த மண் உதயகலாவின் கமெராவுக்குள்ளும் புகுந்துவிட்டது. லென்ஸ் வெளியே வரும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் போடும். போட்டால் போடட்டும், படம் விழுகிறதுதானே என்று அவள் அதைக் கண்டுகொள்வதில்லை.

உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கமெரா அது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் பழைய போன், பழைய ரேடியோ எல்லாம் விற்கிற ஒரு கடையில், கண்ணாடிப் பெட்டியின் மூலையில் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ விட்டுவிட்டுப் போனதாம். பற்றரி மூடி பூட்டாது, றப்பர் பாண்ட் போட்டுத்தான் வைக்க வேண்டும். பின்பக்கத் திரையில் ஒரு நீளக் கீறல். சீட்டு விழுந்த கையோடு போய் உதயகலா அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"சீட்டுக் காசிலை பொம்பிளையள் காப்பு செய்விப்பினம், தோடு செய்விப்பினம். என்ரை மனிசி ஆற்றையோ பழைய பெட்டியைத் தூக்கியந்திருக்கிறா" என்று புருசன் சிவகரன் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தான். "போன் கிடக்குத்தானே கலா, அதிலை எடுக்க ஏலாதே?"

"போனிலை எடுத்தால் எல்லாம் சாயம் பூசின மாதிரி வருதப்பா. இதிலை எங்கடை மண் எங்கடை மண்ணாவே வருது."

சிவகரனுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் மெமறிக் காட் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அந்த மனுசனின் குணம் அப்படி. வாய் ஒரு பக்கம் போகும், கை மற்றப் பக்கம் போகும்.

விடியற்காலமை மிசின் பூட்டி வெங்காயத்துக்கு இறைப்பு நடக்கும். மாமனார் நமசிவாயம் கிணற்றடியில் நிற்பார். உதயகலா பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவாள். மண்வெட்டி கையில், கமெரா இடுப்புச் சேலைக்குள். வெங்காயத் தாளில் பனி முத்து முத்தாக நிற்கும். பூப்படம் போட்ட பொத்தானை அழுத்தினால் அந்தக் கமெரா ஒரு சாண் தூரத்தில் உள்ளதையும் வடிவாக எடுக்கும் என்று அவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். அன்றிலிருந்து பனிக்குப் பின்னால் குந்தியிருப்பதே வேலையாகப் போயிற்று.

"பிள்ளை, வெங்காயம் என்ன கலியாணப் பொம்பிளையே? கிட்டப் போய்க் கிட்டப் போய்ப் படம் எடுக்கிறாய்!" கிணற்றடியிலிருந்து மாமனாரின் சத்தம் வரும்.

"பனி நிக்குது மாமா. வெயில் ஏறினாப் போயிடும்."

"அது போகட்டும். இஞ்சை தண்ணி உடைச்சுக்கொண்டு ஆழ்வாப்பிள்ளையின்ரை காணிக்குள்ளை போகுது. அதைப் பார் முதல்!"

ஐயோ என்று ஓடிப்போய் மண்ணை வெட்டிப் போடுவாள். படமும் விழுந்திருக்கும், திட்டும் விழுந்திருக்கும். இரண்டும் சரிக்குச் சரி என்று அவளுக்குச் சிரிப்பு வரும்.

நமசிவாயத்தாரின் வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்றில் அவரும் மூத்த மகன் சிவகரனும் உதயகலாவும். மற்றதில் இளைய மகன் மயூரதனும் அவன் மனைவி பிரசாந்தியும். மயூரதன், வீட்டாருக்கு மயூரன், ஓட்டோ ஓடுகிறவன். அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை, யதுர்சிகா. வயது ஒன்று முடிந்து நாலெட்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் யது.

உதயகலாவுக்குப் பிள்ளை இல்லை. கலியாணம் கட்டிக் கன வருசம் ஆகிவிட்டது. போகாத கோயில் இல்லை, பார்க்காத டொக்டர் இல்லை. வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நல்ல காரியத்துக்கு யாரும் வெளிக்கிட்டால், முழிவியளம் என்கிற முதற்சகுனத்துக்குத் தான் எதிரே வந்துவிடக்கூடாது என்று அவளே குசினிக்குள் போய் நின்றுகொள்வாள். யதுவை முதன்முதல் கோயிலுக்குக் கொண்டுபோன அன்றைக்கும் அப்படித்தான் நின்றாள். அடுப்பில் ஏற்றாத வெறும் பால்சட்டியை அகப்பையால் கிண்டிக்கொண்டு நின்றதைச் சிவகரன் கண்டான். அப்படியே வெளியே போய்விட்டான்.

அந்தக் குறையெல்லாம் பிள்ளைக்குத் தெரியுமா? அதற்குப் பெரியம்மா என்றால் உயிர். கமெராவைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வரும். அது தவண்டது, எழும்பி நின்றது, பிட்டைத் தலையில் கொட்டிக்கொண்டது, மாட்டுக்கன்றின் காதைப் பிடித்து இழுத்தது, எல்லாம் அந்தக் கமெராவுக்குள் இருந்தது. பிரசாந்தி மட்டும் மூஞ்சையைச் சுழிப்பாள்.

"அக்கா, உங்கடை கமெராவிலை பிள்ளை கறுப்பா வாறாள். என்ரை போனிலை பாருங்கோ, எப்பிடி வெள்ளையா வாறாள்."

"போன் பொய் சொல்லுது பிரசாந்தி."

"சொல்லட்டுமன். வடிவாச் சொல்லுதுதானே!"

மாசி மாதத்து ஒரு பின்னேரம். வாடைக்காற்று முற்றாக விடவில்லை. கரண்ட் போயிருந்தது. பிரசாந்தி பிள்ளையை முழுக வார்த்துச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் புகைக்குள் தலைமயிர் நெட்டுக்குத்தி நிற்க, பல் மூன்றும் தெரியச் சிரித்தது பிள்ளை. உதயகலாவால் பொறுக்க முடியவில்லை. பிளாஷைப் போட்டு ஒரு படம் எடுத்தாள். பிள்ளை வெளிச்சத்தைக் கண்டு கைகொட்டியது. இன்னும் இரண்டு எடுத்தாள்.

குசினி வாசலில் வந்து நின்று திரையைப் பார்த்தபோதுதான் அதைக் கண்டாள். பிளாஷில் எடுத்தால் கண்மணி சிவப்பாக விழும், அது அவளுக்குத் தெரியும். பிள்ளையின் வலக்கண் சிவப்பாகத்தான் விழுந்திருந்தது. இடக்கண் வெள்ளையாக இருந்தது. மூன்று படத்திலும் அதே கண்தான் வெள்ளை.

லென்ஸில் தூசி என்று நினைத்தாள். சிவகரனின் பழைய வெள்ளை வேட்டித் துண்டால் துடைத்தாள். பிறகு சிவகரனை இருட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய் முகத்துக்கு நேரே பிளாஷை அடித்தாள். இரண்டு கண்ணும் சிவப்பு.

"எடியே, எனக்குப் பேய்க்கண்! அழி, அழி உதை!" என்று அவன் கத்தினான்.

அவள் சிரிக்கவில்லை. கொட்டிலுக்குப் போய் மாட்டை எடுத்தாள். மாட்டின் கண் இரண்டும் பச்சையாக மினுங்கின. கமெராவைத் தன் பக்கம் திருப்பித் தன்னையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டும் சிவப்பு. கமெராவில் பிழை இல்லை.

அழித்துவிடாமல் வைத்திருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனாள். பகல் வெளிச்சத்தில் எடுத்தவற்றில் ஒன்றும் தெரியவில்லை. பிளாஷில் எடுத்தவை சிலதான். தைப்பொங்கல் அன்று விடியப் புறம் எடுத்த ஒன்றில், அதே இடக்கண்ணில், உழுந்தளவு வெள்ளை இருந்தது. அப்போது அதைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறாள்.

சிவப்புக் கண் விழாமல் படம் எடுப்பது எப்படி என்று போனில் தேடிப் பார்த்தாள். படம் எடுக்கப் பழக்குகிற ஒருவர் ஒரு வீடியோவில் தமிழிலேயே விளக்கம் சொன்னார். சின்னக் கமெராவில் பிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வெளிச்சம் நேரே கண்ணுக்குள் போய் உள்ளே இருக்கிற இரத்தத்தின் நிறத்தோடு திரும்பி வருகிறது, அதுதான் சிவப்பு என்றார். அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் ஒன்று சொன்னார். சின்னப் பிள்ளைக்கு ஒரு கண் சிவப்பாகவும் மற்றக் கண் வெள்ளையாகவும் திரும்பத் திரும்ப விழுந்தால் படத்தைத் திருத்தாதீர்கள், பிள்ளையைக் கண் டொக்டரிடம் காட்டுங்கள், சில வேளை உயிருக்கே ஆபத்தான வருத்தமாக இருக்கும் என்றார்.

உதயகலா சிவகரனிடம் போனைக் கொடுத்தாள். அவன் அதை முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து போட்டான்.

"சொல்லத்தான் வேணும்" என்றாள் உதயகலா.

"சொல்லத்தான் வேணும். ஆனா நீ சொல்லாதை, நான் மயூரனுக்குச் சொல்லுறன். நீ சொன்னா…"

"நான் சொன்னா என்ன?"

"உனக்குத் தெரியுந்தானே கலா. ஏன் என்ரை வாயாலை கேக்கிறாய்?"

பிள்ளை இல்லாதவள் பிள்ளையின் கண்ணில் குற்றம் கண்டாள் என்று சனம் சொல்லும். அவளுக்கு அது நன்றாகவே தெரியும். சிவகரன் தம்பியிடம் ஆறுதலாக எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு மூன்று நாள் இழுத்தான். மயூரதன் விடிய ஓட்டோவில் வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் வருவான். உதயகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பெரியம்மா என்று ஓடிவந்து மடியில் விழும்போதெல்லாம் அந்த இடக்கண்ணையே பார்த்தாள். பழி வந்தால் வரட்டும் என்று முடிவு கட்டினாள்.

பிரசாந்தி மாமரத்துக்குக் கீழே இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். உதயகலாவும் போய்ப் பக்கத்தில் இருந்து ஒரு கொப்பை எடுத்தாள்.

"பிரசாந்தி, ஒண்டு சொல்லுவன், கோவிக்கக்கூடாது."

"என்னக்கா?"

"யதுவை ஒருக்காக் கண் டொக்டரிட்டைக் காட்டுவம்."

"ஏன்? என்ன கண்ணுக்கு?"

உதயகலா கமெராவை எடுத்துக் காட்டினாள். சிவகரனின் படத்தையும் மாட்டின் படத்தையும் காட்டினாள். வீடியோவில் கேட்டதை, உயிர் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, சொன்னாள். பிரசாந்தியின் கை இலை உருவுவதை விட்டுவிட்டது.

"என்ரை பிள்ளைக்கு ஒண்டுமில்லை. ஓடியாடித் திரியிறாள். எறும்பு போனாலும் பிடிக்கிறாள். கண் தெரியாத பிள்ளை எறும்பு பிடிக்குமே?"

"ஒரு கண் தெரிஞ்சாலும் பிடிக்கும் பிரசாந்தி."

"வாயை மூடுங்கோ அக்கா!" பிரசாந்தி எழும்பிவிட்டாள். மடியில் இருந்த இலையெல்லாம் நிலத்தில் கொட்டியது. "நாள் முழுக்க அந்தப் பெட்டியை வைச்சு என்ரை பிள்ளையைப் பார்த்துப் பார்த்து… எத்தினை படம், எத்தினை படம்! நான் ஒண்டும் சொன்னனானே? பாவம், ஆசைதானே எண்டு விட்டனான். உங்களுக்கு இல்லையெண்ட ஏக்கத்திலை பார்த்த கண்தான் பிள்ளையிலை பட்டிருக்கு. நல்லா இருந்த பிள்ளையைக் குருடு எண்டு சொல்ல உங்களுக்கு என்னண்டு மனம் வந்தது?"

சொல்லிவிட்டுப் பிரசாந்தி விம்மி அழுதாள். உதயகலா அழவில்லை. எதிர்பார்த்த அடிதான். எதிர்பார்த்தாலும் அடி அடிதான். நிலத்தில் கொட்டிய இலையைக் கூட்டி அள்ளிச் சுளகில் போட்டாள்.

சத்தம் கேட்டு நமசிவாயம் வந்தார். விசயத்தை அறிந்ததும் அவர் வேறு ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்.

"உந்த லைற்தான் பிள்ளையின்ரை கண்ணைச் சுட்டிருக்கு. மின்னல் மாதிரி அடிச்சால் பச்சை மண்ணின்ரை கண் என்னத்துக்கு ஆகும்? வை அதை உள்ளுக்கு. இனி என்ரை கண்ணிலை அது படக்கூடாது."

"லைற் சுட்டதெண்டா ரெண்டு கண்ணையும் சுட்டிருக்கும் மாமா. மாட்டுக்கும் சுட்டிருக்கும்."

"எனக்கு நியாயம் படிப்பிக்காதை!"

பின்னேரம் மயூரதன் ஓட்டோவைக் கொண்டுவந்து நிற்பாட்டியபோது வீடு செத்த வீடு போலக் கிடந்தது. அண்ணனும் தம்பியும் கிணற்றடியில் நின்று கதைத்தார்கள். மயூரதன் கமெராவை வாங்கிப் பார்த்தான். பிள்ளையைத் தூக்கிக் கண்ணுக்குள் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றதும் பயம்தான் கூடியது.

"டொக்டர் கிடக்கட்டும். முதல் கண்ணூறு கழிப்பம்" என்றார் நமசிவாயம். "கண்ணூறு எண்டால் மிளகாய் சொல்லும்."

செத்தல் மிளகாயும் உப்பும் வேப்பிலையும் முச்சந்தி மண்ணும் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மிளகாய் எரிந்தும் கமறல் வராவிட்டால் கண்ணூறு உண்டு. கமறினால் கண்ணூறு இல்லை. புத்தூரில் இதைவிடப் பெரிய கோடு கச்சேரி கிடையாது, இதற்கு மேல் அப்பீலும் கிடையாது.

பிரசாந்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கிழக்குப் பார்த்து இருந்தாள். நமசிவாயம் கை நிறைய மிளகாயை அள்ளினார். உதயகலா அந்த இடத்தில் நிற்கவில்லை. கிணற்றுக்கட்டில் போய் இருந்துகொண்டாள். மிளகாய் கமறாமல் விட்டால் இந்த வளவுக்குள் இனிமேல் எப்படி இருப்பது என்று ஒரு பக்கம் யோசித்தாள். கமறினால் பிள்ளைக்கு வருத்தம் என்று ஆகிவிடுமே என்று மற்றப் பக்கம் யோசித்தாள். எதைக் கேட்டுக் கும்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "பிள்ளையைக் காப்பாத்து, என்னை என்னவும் செய்" என்று கும்பிட்டாள்.

"ஊராற்றை கண்ணும் உறவாற்றை கண்ணும் எல்லாம் எரிஞ்சு போ!" மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார் நமசிவாயம்.

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சிவகரன் தும்மினான். அடுத்ததாக மயூரதன். அதற்குப் பிறகு கேட்க வேண்டாம். கமறல் என்றால் அப்படி ஒரு கமறல், குசினி தாண்டி முற்றத்துக்கு வந்து, முற்றம் தாண்டி வேலிக்கு அங்காலும் போயிற்று. நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. "என்னடாப்பா அங்கை, ஆரையும் கொல்லுறியளே?" என்று ஆழ்வாப்பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இருமினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிரசாந்தி வெளியே பாய்ந்தாள். எல்லோரிலும் கூட இருமியவர் நமசிவாயம்தான். தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் முற்றத்தில் நின்றார்.

வீம்புக்காரர், கோபக்காரர், எல்லாம் சரி. ஆனால் அந்த மனுசன் ஒரு வழக்கத்தை நம்பினால் முழுக்க நம்புகிறவர். தனக்கு வசதியான பக்கத்தை மட்டும் நம்புகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"கண்ணூறு இல்லை" என்றார். கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாகச் சொன்னார். "ஒருத்தற்றை கண்ணும் பிள்ளையிலை படேல்லை. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. அப்ப பிள்ளையின்ரை கண்ணுக்குள்ளை வேறை என்னவோ இருக்கு. மயூரன், விடிய ஓட்டோவை எடு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

உதயகலாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கிணற்றுக்கட்டில் இருந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். மிளகாய்ப் புகை என்று யாரும் நினைத்திருக்கலாம்.

காலமை எல்லோரும் வெளிக்கிட்டபோது அவள் வழமைபோலக் குசினிக்குள் போய் நின்றாள். ஓட்டோ இரைந்துகொண்டு நின்றதே தவிரப் போகவில்லை. திரும்பிப் பார்த்தாள், பிரசாந்தி வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்களும் வாங்கோ. கமெராவையும் எடுங்கோ."

"நல்ல காரியமாப் போறியள், நான்…"

"முன்னுக்கு வந்து ஏறுங்கோ அக்கா. நான் சொன்னதை மனசிலை வைக்காதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சின்ன லைற் ஒன்றைப் பிள்ளையின் கண்ணுக்குள் பிடித்துப் பார்த்தார். மருந்து விட்டுப் பொறுத்திருந்து திரும்பவும் பார்த்தார். பிறகு கமெராவை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். றப்பர் பாண்ட் கழன்று விழ, அதைப் பொறுக்கித் திரும்பவும் போட்டுவிட்டார்.

"ஆர் உதை எடுத்தது?"

மயூரதன் உதயகலாவைக் காட்டினான். உதயகலா எழும்பி நின்றாள்.

"ஏன் பிளாஷ் போட்டனீங்கள்?"

"கரண்ட் இல்லை டொக்டர். பிள்ளை சிரிச்சது."

டொக்டர் கமெராவை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "நல்ல வேளை கரண்ட் இல்லை" என்றார். "கனபேர் கண் வெளியிலை தள்ளின பிறகுதான் கொண்டு வாறவை. அப்ப நாங்கள் ஒண்டும் செய்ய ஏலாது. இண்டைக்கே கடிதத் துண்டு தாறன், கொழும்புக்குப் போங்கோ. ஒரு நாளும் பிந்தாதேங்கோ."

கொழும்பில் நடந்ததை நீட்டிச் சொல்ல மனமில்லை. கண்ணுக்குள் கட்டி. பொல்லாத கட்டி. ஆனால் கண்ணைத் தாண்டி வெளியே போகவில்லை. கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை தப்பும் என்று பெரிய டொக்டர் சொன்னதை, அரைகுறைத் தமிழ் தெரிந்த ஒரு சிங்களத் தாதி பிரசாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மயூரதன் சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். பிரசாந்தி குந்தவில்லை.

"கண் போனாப் போகட்டும் மிஸ். பிள்ளை இருக்கட்டும்" என்றாள். அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் உதயகலாவின் தோளில் விழுந்தாள்.

அந்தத் தாதியின் பெயரைக்கூட அவர்கள் கேட்கவில்லை. தன்னுடைய சோற்றுப் பாசலைப் பிரித்து மூவருக்கும் பங்கிட்டுத் தந்தவள். பாகற்காய்ச் சம்பலும் பருப்பும். உதயகலாவுக்கு இப்போதும் அந்த ருசி நாக்கில் நிற்கிறது.

ஊரில் வெங்காயம் முற்றி, தாள் சரிந்து நின்றது. கிண்டாமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். சிவகரன் போன் எடுத்தான்.

"கலா, வெங்காயம் கிண்டியாச்சு."

"ஆர் கிண்டினது? நீங்களும் மாமாவும் தனியவோ?"

"எங்கை தனிய! ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து நிண்டது. ஒருத்தரையும் நான் கூப்பிடேல்லை. ஆழ்வாப்பிள்ளை அண்ணை ஆளைக் கூட்டியந்து பிடி பிடியாக் கட்டித் தூக்கியும் தந்திட்டார். ஐயா பெரிய சட்டியிலை கூழ் காய்ச்சினவர்."

"மாமாவோ? மாமா அடுப்படிக்குப் போனவரே?"

"ஓம். உப்பு மட்டும் ரெண்டு தரம் போட்டிட்டார். சனம் ஒண்டும் சொல்லாமல் குடிச்சிட்டுப் போனது."

அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் உதயகலாவுக்குச் சிரிப்பு வந்தது. பிரசாந்தியிடம் சொன்னாள், அவளும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் இவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகும் கொழும்புக்கும் புத்தூருக்கும் இடையில் எத்தனையோ பயணம். ஊசி, மருந்து, மயிர் கொட்டினது, திரும்ப முளைத்தது. கடைசியில் பிள்ளைக்குச் செயற்கைக் கண் வைத்தார்கள். இனிப் பயமில்லை, வருசா வருசம் காட்டினால் சரி என்றார் டொக்டர். உதயகலா எல்லாக் கோயிலிலும் நேர்த்தியை முடித்தாள். ஒரு அர்ச்சனை மட்டும் இடறியது. அந்தக் கமெராவைக் கடையில் விட்டுப் போன மனுசருக்கு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெயரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது.

"ஆற்றை பேருக்கு?" என்று ஐயர் கேட்டார்.

"கமெராவை விட்டிட்டுப் போனவைக்கு ஐயா."

ஐயர் முழித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சுவாமியின் பேரிலேயே செய்து பிரசாதத்தைக் கொடுத்தார். எங்கேயோ குளிர் தேசத்தில் இருக்கிற அந்த மனுசருக்கு அன்றைக்கு ஒரு தும்மலாவது வந்திருக்கும்.

அடுத்த வருசம் விஜயதசமி. யதுவுக்கு ஏடு தொடக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் சனம் நெரிந்தது. தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பியிருந்தது. புதுப் பாவாடை சட்டையோடு பிள்ளை அங்குமிங்கும் ஓடியது. உதயகலா கமெராவோடு தூணோரம் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையை ஆர் மடியிலை வைக்கிறது? வாங்கோ" என்றார் ஐயர்.

வழக்கப்படி நமசிவாயம்தான் இருக்க வேண்டும். அவர் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். வந்தவர் பலகையில் இருக்காமல் பிரசாந்தியைப் பார்த்தார். இரண்டு பேரும் முதலே கதைத்து வைத்திருக்க வேண்டும். பிரசாந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே தூணடிக்கு வந்தாள்.

"அக்கா, நீங்கள் இருங்கோ."

"எனக்கென்ன விசரே? நான் படம் எடுக்க வேணும். மாமா இருக்கட்டும், இல்லாட்டி நீ இரு. சனம் பாக்குது பிரசாந்தி."

"பாக்கட்டும். சனம் பாக்கத்தான் வேணும்." பிரசாந்தி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். மண்டபத்தில் சத்தம் அடங்கிவிட்டது. "நான் பெத்தனான் அக்கா. ஆனா இந்தப் பிள்ளையை எனக்குத் தந்தது நீங்கள். நீங்கள் இருக்காட்டி எங்கடை பிள்ளைக்கு இண்டைக்கு ஏடும் இல்லை, ஒண்டும் இல்லை. வந்து இருங்கோ."

உதயகலாவின் கையில் இருந்த கமெராவை யாரோ வாங்கினார்கள். எப்படி நடந்துபோய்ப் பலகையில் இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மடியில் பிள்ளை வந்து விழுந்தது. பாரமாக இருந்தது, சூடாக இருந்தது. ஐயர் பிள்ளையின் விரலைப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதினாள். கண்ணீர் அரிசியில் விழுந்ததை யாரும் குற்றம் சொல்லவில்லை.

எழுதி முடிந்து நிமிர்ந்தபோதுதான், கமெரா மாமனாரின் கையில் இருப்பதைக் கண்டாள். இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார் நமசிவாயம். பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்தவரின் முகம் வாடிப்போயிற்று. கிட்ட வந்து குனிந்து காட்டினார்.

படம் சரிந்திருந்தது. ஓரத்தில் அவருடைய பெருவிரல். ஐயரின் குடுமி பாதி. உதயகலாவுக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. மடி மட்டும் நன்றாக விழுந்திருந்தது. மடி நிறையப் பிள்ளை இருந்தது.

"அட, உன்ரை தலையை வெட்டிப்போட்டன் பிள்ளை. கொஞ்சம் இரு, இன்னொண்டு எடுக்கிறன்."

"வேண்டாம் மாமா" என்றாள் உதயகலா. "இதுவே எனக்குக் காணும்."